ஒரு நூலுக்கு 750 மணி நேரம்



புருவம் திருத்த என்ன வேண்டும்? கொஞ்சம் பருத்தி நூல், ஒரு சிட்டிகை பவுடர், பழகிய விரல். நம்மூரில் தெருவுக்குத் தெரு இருக்கும் பியூட்டி பார்லர்களில் நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியைக் கைகளில் முறுக்கி, சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடுகிறார்கள். த்ரெட்டிங் என்கிறோம். இந்த வேலைக்கு ஒருவர் 750 மணி நேரம் பயிற்சிப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலம் ஒரு காலத்தில் சொன்னது.

இந்தியாவிலிருந்தும் அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்தும் போய்க் குடியேறியவர்கள் அங்கே கடைவளாகங்களில் சின்னச் சின்ன த்ரெட்டிங் கடைகள் போட்டார்கள். கூட்டம் வந்தது. கூட்டத்தின் பின்னாலேயே மாநிலத்தின் உரிமத் துறையும் வந்தது. அழகுக்கலை பற்றி எங்களிடம் ஒரு சட்டம் இருக்கிறது, உங்கள் நூலும் அதற்குள் அடங்கும், ஆகவே லைசென்ஸ் எடுங்கள் என்றது. லைசென்ஸுக்கு 750 மணி நேரப் படிப்பு, அதற்குமேல் தேர்வு. தனியார் பள்ளிகளில் கட்டணம் 3,500 டாலரில் தொடங்கி 9,000 டாலர் வரை. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் என்று விடாமல் போனாலும் ஏறக்குறைய நான்கு மாதம் பிடிக்கும். அத்தனை நாளும் கடையைப் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும்.

சரி, படித்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றலாம். எதைப் படிப்பது? அந்தப் பாடத்திட்டத்தில் ரசாயனம் இருந்தது, மின்கருவிகள் இருந்தன, நறுமண சிகிச்சை இருந்தது, வண்ணங்களின் உளவியல்கூட இருந்தது. த்ரெட்டிங்கைக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற விதி மட்டும் இல்லை. மிகச் சில பள்ளிகள்தான் அதைக் கற்றுக்கொடுத்தன. தேர்விலும் அது வரவில்லை. சிறு வயதிலிருந்து நூல் பிடித்த கைக்கு நூலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு இது. நான்கு மாதத்துக் கூலியை விட்டுவிட்டு இதைக் கேட்டுக்கொண்டு உட்காருபவருக்கு எரிச்சல் வராமல் வேறென்ன வரும்?

சிலர் 2009இல் வழக்குப் போட்டார்கள். மாநிலத்தின் வாதத்தையும் சும்மா தள்ளிவிட முடியாது. ஒருவர் முகத்தில் பட்ட நூல் அடுத்தவர் முகத்தில் பட்டால் தோல் தொற்று பரவும். சுத்தம் தெரியாதவர் கண்ணருகே கை வைக்கலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விசாரணையில் ஒரு கணக்கு வெளியே வந்தது. 750 மணி நேரத்தில் 320 மணி நேரம் வரை த்ரெட்டிங்குக்குச் சம்பந்தமே இல்லாதது என்று அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல்! 2015 ஜூன் மாதம் டெக்ஸஸ் உச்ச நீதிமன்றம், இவ்வளவு பெரிய சுமையை இந்தத் தொழிலாளர்கள் தலையில் ஏற்றுவது மாநில அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. ஆறு நீதிபதிகள் அந்தப் பக்கம். மூன்று பேர் மாறுபட்டார்கள்: இதெல்லாம் சட்டமன்றம் தீர்மானிக்க வேண்டியது, நீதிமன்றம் எதற்கு நுழைய வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

இதைவிட விசித்திரமான வழக்கு ஒன்று பக்கத்து லூசியானா மாநிலத்தில் நடந்தது. கவிங்டன் என்ற ஊரருகே புனித யோசேப்பு மடம் இருக்கிறது. பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். மடத்துக்குச் சொந்தமான காட்டு மரங்களை விற்று வந்த வருமானம் 2005இல் கத்ரீனா புயலோடு போயிற்று. தங்கள் சபைத் துறவிகள் இறந்தால் அடக்கம் செய்ய அவர்களே சவப்பெட்டி செய்துகொள்வது வழக்கம். அதையே வெளியாருக்கும் விற்கலாம் என்று 2007இல் பட்டறை தொடங்கினார்கள். அலங்காரம் இல்லாத எளிய மரப்பெட்டி. விலை 1,500 டாலர், 2,000 டாலர் என்று இரண்டு விதம். ஒரு பெட்டிகூட விற்பதற்கு முன்பே மாநிலத்தின் ஈமச்சடங்கு வாரியத்திலிருந்து தடை வந்துவிட்டது.

விற்கவேண்டுமானால் துறவிகள் என்ன செய்திருக்க வேண்டும் தெரியுமா? முப்பது பேர் அமரக்கூடிய அஞ்சலிக்கூடம் கட்டவேண்டும், ஆறு பெட்டிகளைக் காட்சிக்கு வைக்க அறை வேண்டும், பிணத்தைப் பதப்படுத்தும் வசதி வேண்டும், பயிற்சி முடித்துத் தேர்வெழுதிய ஈமச்சடங்கு இயக்குநர் ஒருவரை முழுநேர வேலைக்கு வைக்கவேண்டும். இத்தனைக்கும் அந்த மாநிலத்தில் சவப்பெட்டி இப்படித்தான் இருக்கவேண்டும் என்று எந்தத் தர விதியும் கிடையாது. பெட்டியே இல்லாமல் புதைத்தாலும் குற்றமில்லை. வீட்டில் நீங்களே பெட்டி செய்துகொள்ளலாம், வேறு மாநிலத்திலிருந்து இணையத்தில் வாங்கிக்கொள்ளலாம். உள்ளூர்த் துறவி விற்றால்தான் குற்றம். பெட்டியின் உள்ளே போகிறவரும் புகார் சொல்லப்போவதில்லை. பின்னே யாரைக் காப்பாற்ற இந்தச் சட்டம்?

விடை, வாரியத்தின் உறுப்பினர் பட்டியலில் இருந்தது. ஒன்பது பேரில் எட்டுப் பேர் அதே தொழிலில் இருப்பவர்கள். ஏற்கெனவே கடை வைத்திருப்பவரிடம், புதிதாகக் கடை போட வருபவனை உள்ளே விடலாமா என்று கேட்டால் என்ன சொல்வார்? 2013இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் துறவிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு தொழில்கூட்டத்தின் வருமானத்தைக் காப்பது மட்டுமே ஒரு சட்டத்தின் நோக்கமாக இருக்க முடியாது என்றது. வாரியம் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது. அங்கே வழக்கை எடுக்கவே இல்லை.

வட கரோலினாவிலும் இதே கதைதான், பல் வைத்தியத்தில். பற்களை வெளுப்பாக்கும் சேவையைக் கடைவளாகங்களில் சிலர் மலிவாகச் செய்ய ஆரம்பித்தார்கள். மாநிலப் பல் மருத்துவ வாரியம் அவர்களுக்கு நிறுத்தச் சொல்லிக் குறைந்தது 47 கடிதங்கள் அனுப்பியது. வாரியத்தில் இருந்த எட்டுப் பேரில் ஆறு பேர் தொழில் நடத்திவந்த பல் மருத்துவர்கள். 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், போட்டியாளர்களே நிரம்பிய வாரியத்தை அரசு நேரடியாகக் கண்காணிக்காவிட்டால், போட்டியை ஒடுக்குவதைத் தடுக்கும் சட்டத்திலிருந்து அந்த வாரியம் தப்ப முடியாது என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கையின்படி அமெரிக்கத் தொழிலாளரில் நான்கில் ஒருவருக்கு மேல் வேலை செய்ய உரிமம் தேவைப்பட்டது. 1950களில் இருபதில் ஒருவருக்குத்தான் தேவைப்பட்டது.

இதற்காக லைசென்ஸ் என்பதே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. புருவம் கோணலாகப் போனால் கண்ணாடியில் அப்போதே தெரிந்துவிடும். அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடலாம். வீட்டு வயரிங் அப்படியா? சுவருக்குள் போன எர்த் கம்பியை ஒழுங்காக இணைத்தாரா, வெறுமனே செருகிவிட்டுப் போனாரா என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. குளியலறையில் ஹீட்டரைத் தொடும்போதுதான் தெரியும். வாங்குகிறவர் கண்ணுக்குப் படாத தவறு, பட்டால் உயிர் போகும் தவறு என்கிற இடத்தில் அரசு நின்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அரசு அங்கே பார்க்கவேண்டியது கையை. பெரும்பாலும் அது பார்ப்பது காகிதத்தை.

நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி லாரி, வாடகை வண்டி ஓட்ட எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று இருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறி, இரவு முழுக்க டிரைவர் அண்ணனுக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வண்டி பழகியவர்களுக்கு இந்த விதி ஒரு சுவர். பல வருடம் அப்படியே நின்றது. ஹரியானா அரசு, மேவாத் பகுதியில் வண்டி ஓட்டியே பிழைக்கும் ஏழைக் குடும்பங்களைக் காட்டி விலக்குக் கேட்ட பிறகுதான், 2019இல் மத்திய அரசு அந்தக் கல்வித் தகுதியை எடுத்தது. ஓட்டும் திறனைக் கண்டிப்பாகச் சோதிப்போம், வகுப்பைக் கேட்கமாட்டோம் என்றது. எட்டாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கும் மலைப்பாதையில் கியர் மாற்றுவதற்கும் என்ன தொடர்பு என்று கேட்க நமக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

தமிழ்நாட்டில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று நடக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துவது. இருபத்தொரு வயது நிரம்பியிருக்க வேண்டும், மேல் வயது வரம்பு இல்லை. ஐ.டி.ஐ. வாசலை மிதிக்காதவராக இருந்தாலும், வயரிங் வேலையில் ஐந்தாண்டு அனுபவம் இருந்தால் எழுதலாம். படித்த பள்ளி எது என்று கேட்காமல், செய்த வேலை எது என்று கேட்கும் இந்த வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. சிக்கல் அந்த ஐந்தாண்டில் இருக்கிறது. அதைக் காகிதத்தில் காட்டவேண்டும். இன்று ஒரு மேஸ்திரியோடு ஆவடியில், அடுத்த மாதம் இன்னொருவரோடு ஓசூரில் என்று நாள்கூலிக்கு அலைந்தவருக்கு யார் கையெழுத்துப் போட்டுக்கொடுப்பார்? வேலை கொடுத்தவர்களில் பாதிப் பேரின் போன் நம்பர்கூட இப்போது இருக்காது.

அப்படி வருபவரிடம் அனுபவச் சான்றிதழ் கேட்பதற்கு முன்னால் ஒரு பலகை, கொஞ்சம் வயர், இரண்டு சுவிட்சு, ஒரு எம்.சி.பி. கொடுத்துப் பார்க்கலாம். மாடிப்படி விளக்குக்கு இணைப்புக் கொடுக்கச் சொல்லலாம், எர்த் எங்கே போகிறது, ஏன் போகிறது என்று கேட்கலாம். தெரியாதவர் பத்து நிமிடத்தில் அகப்பட்டுக்கொள்வார். தெரிந்தவருக்கு அன்று போவது ஒரு நாள் கூலி மட்டுமே.