பேய்க்குக் கொடுத்த உயிர்



'அச்சமும் அகவிடுதலையும்' என்ற பொருளில் நடக்கும் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்க வேண்டும் என்று கேட்டார்கள். ஒப்புக்கொண்ட நாள் முதலே எனக்கு அச்சம்தான். வரவேற்புரை ஆற்றியவர் என் பெயரைச் சொன்னபோது நான் இருந்த இடத்திலிருந்து இந்த ஒலிவாங்கி வரை பத்தடி இருக்கும். அந்தப் பத்தடிக்குள் குறிப்புத்தாள் பறந்து போனது, குரல் அடைத்துக்கொண்டது, முன்வரிசையில் ஒருவர் எழுந்து பிழை சொன்னார். மூன்று காட்சிகளையும் என் மனம் அரங்கேற்றி முடித்துவிட்டது. எதுவும் நடக்கவில்லை, தாள் கையிலேயே இருக்கிறது. ஆனால் உள்ளங்கை வியர்த்தது உண்மை. நடக்காத ஒன்றுக்கு உடம்பு செலுத்திய வரி அது. வள்ளுவர் 'அவையஞ்சாமை' என்று ஓர் அதிகாரமே செய்து வைத்திருப்பதால், இந்த நோய் எனக்கு மட்டும் வந்ததல்ல என்று தேறிக்கொள்கிறேன்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறார். அவற்றுள் அச்சம் ஒன்று. அது பிறக்கும் களம் நான்கு என்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. கண்ணுக்குத் தெரியாத வருத்தும் ஆற்றல், காட்டு விலங்கு, வழிப்பறிக்காரர், நம்மை ஆள்பவர். இன்றும் இந்தப் பட்டியலில் பெரிய திருத்தம் தேவைப்படாது. கள்வர் இப்போது கைப்பேசி வழியாக வருகிறார்கள். தம் இறை சில நேரம் அலுவலக மேலாளர் வடிவில் வருகிறார். அவ்வளவுதான் வேறுபாடு.

நான்கும் வெளியே நிற்பவை. மெய்ப்பாடோ மெய்யில், அதாவது உடம்பில், புலப்படுவது. வெளியே நிற்கும் புலிக்கும் உடம்பில் தோன்றும் நடுக்கத்துக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அங்கே இருப்பது எண்ணம். நம் கருத்தரங்கு நிற்கும் இடமும் அதுதான். அச்சத்தை அடுத்துப் பெருமிதத்தைச் சொல்லும் தொல்காப்பியர், அதற்குரிய நான்கு களங்களில் கல்வியை முதலிலும் அஞ்சாமையாகிய தறுகண்ணை அதன் பின்னும் வைத்திருக்கிறார். இது தற்செயலான வரிசையா என்பதை இலக்கண அறிஞர்கள் சிந்திக்க வேண்டும். என் வரையில், அச்சத்துக்கு மருந்து வீரம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நம் நூல்கள் அறிவு என்கின்றன. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

மணிமேகலையில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. புகார் நகரத்துச் சுடுகாட்டுக்குள் சார்ங்கலன் என்ற அந்தணச் சிறுவன் தனியே போய்விடுகிறான். பிணத்தின் தலையைக் கையில் ஏந்திப் பேய்மகள் ஒருத்தி கூத்தாடுவதைக் காண்கிறான். வெருண்டு வீட்டுக்கு ஓடுகிறான். தாய் கோதமையிடம், சுடலைப் பேய்க்கு என் உயிரைக் கொடுத்துவிட்டேன் என்ற பொருள்படச் சொல்லிவிட்டு விழுந்து இறக்கிறான். கண் தெரியாத அந்தத் தாய் மகனின் உடலைத் தழுவியெடுத்துச் சென்று, நகரைக் காக்கும் சம்பாபதியிடம் முறையிடுகிறாள். அணங்கோ பேயோ என் மகன் உயிரைத் தின்றுவிட்டது என்கிறாள். தெய்வம் அதை ஏற்கவில்லை. அணங்கும் பேயும் உயிரைத் தின்பதில்லை. உன் மகனின் பேதைமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினை வந்து அவன் உயிரைக் கொண்டுபோனது என்று விடை தருகிறது.

மணிமேகலையைப் பாடிய சாத்தனார் எவ்வளவு நுட்பமாகச் சொல்லைப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். பேய் பறித்தது என்று சிறுவன் சொல்லவில்லை, தான் கொடுத்ததாகச் சொல்கிறான். தாய் தின்றது என்கிறாள். தெய்வம் தின்னவில்லை என்கிறது. பேய் அவனைத் தொடவே இல்லை. சுடுகாட்டில் கண்ட காட்சியை வீட்டு வாசல் வரை தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன். தொல்காப்பியர் வகுத்த நான்கில் முதலாவதான அணங்கை, சாத்தனார் வெளியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊரார் சொல்வது இதன் சுருக்கம்.

மணிமேகலை பௌத்த காப்பியம். ஆகவே இதற்கு எதிர்முனையில் வைக்க வேண்டிய காட்சியைப் பௌத்த மூலத்திலேயே தேடலாம். பாலி மொழியிலுள்ள மஜ்ஜிம நிகாயம் என்ற புத்தர் உரைத் தொகுப்பில் நான்காவதாக வருவது பயபேரவ சுத்தம். தனிக்காட்டில் வாழ்வது எவ்வளவு கடினம் என்று ஜாணுஸ்ஸோணி என்ற அந்தணர் பேச்செடுக்க, புத்தர் தாம் ஞானம் பெறுவதற்கு முந்தைய காலத்தை நினைவுகூர்கிறார். அச்சத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றே, மக்கள் அஞ்சும் இரவுகளில், மயிர்க்கூச்செறியும் தோப்புகளிலும் மரத்தடிகளிலும் போய்த் தங்கியிருக்கிறார். ஒரு விலங்கு நடந்து வரும். ஒரு மயில் சுள்ளியை முறிக்கும். காற்று சருகைச் சலசலக்க வைக்கும். இதோ அச்சம் வருகிறது என்று தோன்றும். அப்போது அவர் ஒரு முடிவு செய்தார். அச்சம் வரும்போது எந்த நிலையில் இருக்கிறேனோ அந்த நிலையிலேயே அதைக் கடப்பேன். நடக்கும்போது வந்தால், அது அடங்கும் வரை நிற்கவோ உட்காரவோ மாட்டேன். நிற்கும்போது வந்தால் நடக்க மாட்டேன். உட்கார்ந்திருக்கும்போது வந்தால் எழ மாட்டேன்.

இரண்டு இரவுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சார்ங்கலன் ஓடினான், இவர் இருந்த இடத்திலேயே இருந்தார். அஞ்சாத உள்ளம் தமக்கு இருந்ததாக அவர் சொல்லிக்கொள்ளவே இல்லை. அச்சம் வந்தது என்று ஒப்புக்கொள்கிறார். வந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கப் பார்க்க மயில் மயிலாயிற்று, காற்று காற்றாயிற்று.

இதே செயலை நம் ஊரில், 1896ஆம் ஆண்டில், பதினாறு வயதுப் பள்ளி மாணவர் ஒருவர் செய்தார். மதுரையில் உறவினர் வீட்டு மாடி அறை. உடலில் ஒரு நோயும் இல்லை. திடீரென்று, சாகப்போகிறோம் என்ற அச்சம் பிடித்துக்கொண்டது. அவர் மருத்துவரைக் கூப்பிடவில்லை, வீட்டாரையும் கூப்பிடவில்லை. கைகால்களை விறைப்பாக நீட்டிப் பிணம்போல் படுத்து, வாயை மூடிக்கொண்டு, சாவு என்றால் என்ன, சாவது எது என்று உள்ளேயே கேட்டார். அந்த வேங்கடராமன் சில வாரங்களில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தார். உலகம் அவரை ரமணர் என்று அறியும். அவர் கண்ட மெய்ப்பொருளைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் வழிமுறையைப் பற்றிப் பேசலாம். அச்சம் சொன்னதை முழுதாகச் சொல்லவிட்டு, கடைசிச் சொல் வரை கேட்டார். நாம் பெரும்பாலும் முதல் சொல்லிலேயே ஓடிவிடுகிறோம். அதனால்தான் அது நாளைக்கும் அதே சொல்லோடு வருகிறது.

எண்ணத்தை ஆள வேண்டும் என்றவுடன் பலர் எண்ணத்தை அமுக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று நம் பாட்டிமார் வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்தக் குரங்கை, அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெள்ளைக் கரடியாக மாற்றி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, தொடக்கத்திலேயே நினைக்க விடப்பட்டவர்களைவிட, அமுக்கி வைத்தவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. பாட்டி சொன்னது சரி.

மஜ்ஜிம நிகாயத்தின் 20ஆம் சுத்தம் தீய எண்ணங்களைக் கடக்க ஐந்து வழிகளை வரிசையாகச் சொல்கிறது. தச்சர் ஒரு முளையைக் கொண்டு இன்னொரு முளையைத் தட்டி வெளியேற்றுவதுபோல், நல்லெண்ணத்தால் தீயதை அகற்றுவது முதல் வழி. அந்த எண்ணத்தின் கேட்டை ஆராய்வது இரண்டாவது. அதைப் பொருட்படுத்தாமல் விடுவது மூன்றாவது. நான்காவதற்கு ஓர் அழகான உவமை இருக்கிறது: விரைந்து நடப்பவன், ஏன் இப்படி விரைகிறேன் என்று தன்னைக் கேட்டு மெல்ல நடக்கிறான், பிறகு நிற்கிறான், பிறகு உட்காருகிறான், பிறகு படுக்கிறான். எண்ணத்தின் விசையை அப்படிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பல்லைக் கடித்து மனத்தால் மனத்தை அமுக்குவது ஐந்தாவது வழி. மற்ற நான்கும் பலிக்காதபோதுதான் அதற்கு இடம். நாமோ கடைசி மருந்தை முதல் வேளைக்கே எடுத்துக்கொள்கிறோம்.

தமிழில் 'ஆள்' என்ற வினைக்கு அரசாளுதல் மட்டும் பொருள் இல்லை. பயன்படுத்துதலும் பொருள். கையாளுகிறோம், எடுத்தாளுகிறோம், சொல்லை ஆளுகிறோம். எண்ணத்தை ஆளுதல் என்பதையும் இந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். உளியை ஆளத் தெரிந்தவர் உளியை ஒடிப்பதில்லை.

இந்த ஆளுகையைத் திருக்குறள் எங்கே வைத்திருக்கிறது? 'அறிவுடைமை' என்ற 43ஆம் அதிகாரத்தில். மனம் போன போக்கில் அதை விடாமல், தீமையிலிருந்து விலக்கி நன்மையின்பால் செலுத்துவது அறிவு என்பது அங்கே இரண்டாம் குறள். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது பேதைமை, அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிந்தவர் செயல் என்பது அதே அதிகாரத்தின் எட்டாம் குறள். வருமுன் காக்கும் அறிவுடையவரை நடுங்க வைக்கும் துன்பம் இல்லை என்பது அதை அடுத்த குறள். மனத்தை ஓட்டுவதும் அச்சத்தை எடைபோடுவதும் ஒரே அறிவின் தொழில்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அச்சமே கூடாது என்று வள்ளுவர் சொல்லவில்லை. 'தீவினையச்சம்' என்று தனி அதிகாரம் வைத்து, தீய செயலுக்கு அஞ்சு என்றவர் அவர். சார்ங்கலனிடம் குறைந்தது துணிவு என்று சொல்லிவிட முடியாது, சுடுகாட்டுக்குத் தனியே போனவன் அவன். எதற்கு அஞ்சுவது என்ற அறிவுதான் அவனிடம் இல்லை. அவனைப் பற்றித் தெய்வம் சொன்ன பேதைமையும், வள்ளுவர் சொல்லும் பேதைமையும் ஒரே பேதைமை.

சரி, இந்த விடுதலை உள்ளுக்குள்ளேயே இருந்து விடுமா? இருக்காது என்பதற்குத் திருநாவுக்கரசர் சான்று. பல்லவ மன்னன் அழைக்கிறான் என்று அமைச்சர்கள் வந்து நின்றபோது, வர முடியாது என்று மறுத்துப் பாடினார். மறுமாற்றத் திருத்தாண்டகம் என்று அந்தப் பதிகத்துக்குப் பெயர் அமைந்தது. நீற்றறையில் இட்டார்கள், நஞ்சு ஊட்டினார்கள், யானையை ஏவினார்கள், கல்லில் கட்டிக் கடலில் தள்ளினார்கள் என்று அவர் வரலாற்றைப் பாடிய சேக்கிழார் விரிக்கிறார். அந்த மன்னனை முதலாம் மகேந்திரவர்மன் என்று ஆய்வாளர் பலர் கொள்வர். தொல்காப்பியர் சொன்ன தம் இறையும் விலங்கும் ஒரே வரலாற்றில் ஒருவர் முன் வந்து நின்றிருக்கின்றன. தாம் யாருக்கு ஆள் என்று நாவுக்கரசருக்கு உள்ளே தெளிந்திருந்தது. அதனால் வெளியே ஆணையை மறுக்க முடிந்தது. மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்க முடிகிறதா என்பதே அகவிடுதலைக்கு உரைகல்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முதல் திடுக்கிடல் நம் கையில் இல்லை. மூளையில் அமிக்டலா என்று பாதாம் பருப்பு வடிவில் ஒரு பகுதி உண்டு. ஆபத்தின் சாயலைக் கண்டதும், நாம் எண்ணிப் பார்க்கும் முன்பே அது உடம்பை முடுக்கிவிடுகிறது. அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. அதன் பிறகு நாம் கட்டும் கதைதான் நம் பொறுப்பு. அச்சம் நோயாக முற்றியவர்களுக்கு மருத்துவம் தேவை, அறிவுரை போதாது. இன்னொன்று: விளக்கில்லாத சாலையில் வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்ணின் அச்சத்துக்கும், கூலியைக் கேட்டால் வேலை போய்விடும் என்று தயங்கும் தொழிலாளியின் அச்சத்துக்கும், எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று நாம் விடை சொல்லக் கூடாது. அவர்கள் எதிரே நிற்பது மெய்யான கள்வர், மெய்யான இறை. அங்கே மாற வேண்டியவை சாலை விளக்கும் சம்பள முறையும். பேயையும் புலியையும் பிரித்தறிவதற்குத்தான் அறிவு என்று பெயர்.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொல்காப்பியர் உரியியலில் பேம், நாம், உரும் என்ற மூன்று சொற்களை அச்சப் பொருளில் காட்டுகிறார். பேம் என்ற அச்சத்துக்கும் பேய் என்ற உருவத்துக்கும் வேர் ஒன்றா என்று சொல்லாய்வாளர் தேடுங்கள். நம் ஊர்களில் பேயோட்டுபவரும் வேப்பிலை அடிப்பவரும் அச்சத்தை எப்படிக் கையாண்டார்கள் என்பதை, கேலியை ஒதுக்கிவிட்டு, களத்தில் போய்க் கேட்டு எழுதுங்கள். உளவியல் துறையினர் தமிழ்த் துறை அமர்வுகளிலும், தமிழ்த் துறையினர் உளவியல் அமர்வுகளிலும் உட்காருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் எழுந்து சொல்லுங்கள். மேடையில் இருப்பவர் மூத்தவராயிற்றே என்று அஞ்சி வாய் மூடினால், இந்தத் தலைப்பில் கருத்தரங்கு நடத்திப் பயனில்லை. என் உரையிலும் பிழை இருந்தால் முன்வரிசைக்காரர் தாராளமாக எழலாம். பத்தடி நடக்கும்போதே அதற்கு ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.