கடைசிப் படமும் கலங்கிய கண்களும்



படம் முடிந்து, பெயர்ப்பட்டியலும் ஓடி முடிந்து, அரங்கில் விளக்கு எரிந்துவிட்டது. கூட்டம் வாசலை நோக்கி நகர்கிறது. ஆனால், ஒரு சிலர் மட்டும் இருக்கையை விட்டு எழுவதில்லை. கண்கள் கலங்கியிருக்கின்றன. “வெறும் படம்தானே, இதற்குப் போய் அழுவதா?” என்று பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார்.

வளர்ந்த மனிதர் ஒருவர் ஒரு படத்துக்காக ஏன் கலங்குகிறார்? அந்தப் பாசம் எந்த எல்லையைத் தாண்டக் கூடாது? இன்றைய அங்கத்தின் கேள்வி இதுதான். இதற்கு ‘ஸ்டார் வார்ஸ்’ என்னும் விண்வெளிக் கதையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1977ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி அமெரிக்காவில் முதல் படம் வெளிவந்தது. ஜார்ஜ் லூக்காஸ் எழுதி இயக்கிய அந்தப் படத்துக்கு ஏறத்தாழ 11 மில்லியன் அமெரிக்க டாலர் செலவானது. முதல் நாளன்று அதைத் திரையிட்டவை 32 அரங்குகள் மட்டுமே. பல அரங்க உரிமையாளர்கள் படத்தை வாங்கவே தயங்கினார்கள். ஆனால், மக்கள் திரண்டு வந்தார்கள். 1980இல் இரண்டாம் படம், 1983இல் மூன்றாம் படம். கறுப்பு முகமூடி அணிந்த டார்த் வேடர்தான் நாயகன் லூக்கின் தந்தை என்று தெரிந்தபோது உலகமே வாய் பிளந்தது.

அதன் பிறகு 16 ஆண்டுகளுக்குத் திரையரங்குக்குப் புதிய ‘ஸ்டார் வார்ஸ்’ படம் வரவே இல்லை. பழைய மூன்று படங்களையும் வீடியோ நாடா தேயத் தேயப் பார்த்தே ஒரு தலைமுறை வளர்ந்தது.

1999இல் லூக்காஸ் திரும்பி வந்தார். இம்முறை முன்கதை. அனகின் ஸ்கைவாக்கர் என்ற நல்ல சிறுவன் எப்படி டார்த் வேடர் ஆனான் என்பதே கரு. 1999, 2002, 2005 என மூன்று படங்கள். மூன்றாவதான ‘ரிவெஞ்ச் ஆஃப் தி சித்’ படத்தோடு கதை முடிகிறது, இனிப் படம் இல்லை என்றுதான் அன்று எல்லாரும் நம்பினார்கள்.

சரி, முடிவு எல்லாருக்கும் தெரியுமே? அனகின் கெட்டுப்போவான், முகமூடி அணிவான், பிள்ளைகள் இருவரும் பிரிந்து வளர்வார்கள். தெரிந்த முடிவைப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்கலாம். பாரதக் கூத்தில் கர்ணன் மாளப் போகிறான் என்று தெரியாமலா மக்கள் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள்? என்ன நடக்கும் என்பது தெரியும். அது எப்படி நடக்கிறது என்று கண்ணால் காண வேண்டும், அவ்வளவுதான்.

2005 ஏப்ரல் மாதத் தொடக்கத்திலேயே ஹாலிவுட்டின் சைனீஸ் திரையரங்குக்கு வெளியே ரசிகர்கள் வரிசை பிடித்துவிட்டார்கள். படம் வருவதோ மே 19ஆம் தேதி. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் படம் அந்தத் திரையரங்கில் திரையிடப்படுவதாகவே இல்லை. சற்றுத் தள்ளியிருந்த ஆர்க்லைட் அரங்கில்தான் காட்சி. இருந்தும் அவர்கள் இடத்தை விட்டு நகரவில்லை. 1977இல் முதல் படம் ஓடிய அரங்கு அது. டார்த் வேடரின் காலடித் தடம் அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த முற்றத்துச் சிமெண்டில்தான் பதிக்கப்பட்டது. கதை தொடங்கிய வாசலில் நின்றுதான் விடைகொடுக்க வேண்டும் என்று நினைத்தார்கள். சும்மாவும் நிற்கவில்லை. வரிசையில் நின்றபடியே, உடல்நலம் குன்றிய குழந்தைகளுக்காக நிதி திரட்டினார்கள்.

படம் வந்தது. அமெரிக்காவில் முதல் நாள் வசூல் மட்டும் 50 மில்லியன் டாலர். ஒரே நாள் வசூலில் அன்றைக்கு அது சாதனை. எரிமலைக் குழம்பின் நடுவே குருவும் சீடனும் மோதினார்கள். கருகிய உடலின் மேல் கறுப்பு முகமூடி இறங்கியது. உலகறிந்த அந்த மூச்சுச் சத்தம் முதன்முறையாகக் கேட்டது. கடைசியில், இரண்டு சூரியன்கள் மறையும் பாலைவனத்தில் கைக்குழந்தை லூக்கை ஏந்திக்கொண்டு வளர்ப்புப் பெற்றோர் நின்றார்கள். 1977இல் இளைஞன் லூக் தனியாக நின்று பார்த்த அதே இரட்டைச் சூரியன்கள்.

முதல் படம் வந்தபோது பத்து வயதாக இருந்த ரசிகருக்கு 2005இல் 38 வயது. அன்று அவரைக் கைபிடித்து அழைத்துச் சென்ற தந்தை இன்று இல்லாமல் இருக்கலாம். அன்று பக்கத்து இருக்கையில் இருந்த நண்பன் வேறு ஊரில் இருக்கலாம். அந்தச் சூரியன்களைப் பார்க்கும்போது அவர் அழுவது அனகினுக்காக மட்டுமா? அடுத்த படம் வரும் என்று காத்திருந்தது அவருடைய வாழ்க்கையின் ஒரு பகுதியாகவே ஆகியிருந்தது. அது அன்று முடிந்துபோனது. அந்தக் கண்ணீரைக் கேலி செய்வது தவறு.

அந்த ரசிகருக்குக் குறைகளும் உண்டு. காதல் வசனங்களில் உயிர் இல்லை என்பார். 1983 படத்தில் லேயா தன் உண்மைத் தாயைப் பற்றி மங்கலான நினைவு இருப்பதாகச் சொல்கிறாள். 2005 படத்திலோ தாய் பிரசவத்தின்போதே இறந்துவிடுகிறாள், இது எப்படி என்று மடக்குவார். நியாயமான கேள்விதான். வாழ்ந்து பழகிய வீட்டில்தான் சுவரின் விரிசல் கண்ணில் படும்.

ஆனால், நேயர்களே, இந்தப் பாசத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. “என் கதை” என்ற அன்பு, “என் விருப்பப்படிதான் கதை நடக்க வேண்டும்” என்ற பிடிவாதமாக மாறும்போது அது மனிதர்களைக் காயப்படுத்துகிறது.

1999 படத்தில் ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற கோமாளிப் பாத்திரத்துக்கு உயிர் கொடுத்தவர் அகமது பெஸ்ட். பாத்திரம் பிடிக்காதவர்களின் வெறுப்பு முழுவதும் அந்த இளைஞர் தலையில் கொட்டப்பட்டது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை அது தம்மைத் தள்ளியதாக 2018இல் அவர் வெளிப்படையாகக் கூறினார். சிறுவன் அனகினாக நடித்த ஜேக் லாய்டுக்குப் படம் வந்தபோது பத்து வயது. பள்ளியில் பட்ட கேலி தம்மை எவ்வளவு வருத்தியது என்று வளர்ந்த பிறகு அவர் சொன்னார். 2017 படத்தில் நடித்த கெல்லி மேரி டிரான் இணையத்தில் தமது இனத்தைச் சொல்லியும் தோற்றத்தைச் சொல்லியும் ஏசப்பட்டார். 2018இல் இன்ஸ்டகிராம் பதிவுகளையே அழித்துவிட்டு ஒதுங்கினார். கதையை எழுதியவர்கள் வேறு யாரோ, தண்டனை நடித்தவர்களுக்கு!

கடைசி என்று நம்பிய அந்தக் கதையும் முடியவில்லை. 2005ஆம் ஆண்டிலேயே லூக்காஸின் நிறுவனம் சிங்கப்பூரில் அனிமேஷன் கூடம் ஒன்றைத் திறந்தது. 2002, 2005 படங்களுக்கு இடைப்பட்ட காலத்தைச் சொல்லும் ‘தி குளோன் வார்ஸ்’ தொடர் 2008இல் தொடங்கியது. அதன் உருவாக்கத்தில் சிங்கப்பூர்க் கலைஞர்களுக்கும் பங்கு உண்டு. பின்னர் ஒன்-நார்த் வட்டாரத்தில், படத்தில் வரும் ஒரு வாகனத்தின் பெயரையும் வடிவத்தையும் தாங்கி ‘சாண்ட்கிராலர்’ கட்டடம் எழுந்தது. 2015 படத்தின் காட்சி வரைகலையிலும் இங்குள்ளவர்களின் உழைப்பு சேர்ந்தது. 2023இல் அந்த நிறுவனம் சிங்கப்பூரை விட்டுச் சென்றது. திரையில் வேகமாக ஓடும் பெயர்களுக்குப் பின்னால், இரவு பகலாக உழைத்த பக்கத்து வீட்டுப் பிள்ளையும் இருக்கலாம்.

இதற்கிடையில் 2012இல் லூக்காஸ் தம் நிறுவனத்தை 4.05 பில்லியன் டாலருக்கு டிஸ்னியிடம் விற்றார். 2015இல் கதை மீண்டும் தொடர்ந்தது. 2019 டிசம்பரில் ‘தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’ ஒன்பது படங்களுக்கும் முடிவாக வந்தது. லேயாவாக நடித்த கேரி ஃபிஷர் 2016லேயே காலமாகியிருந்தார். முன்பு எடுத்து, பயன்படுத்தாமல் வைத்திருந்த காட்சிகளைக் கொண்டே அவரைத் திரையில் நிறுத்தினார்கள். மறைந்தவரை மீண்டும் பார்த்ததில் அரங்குகளில் விம்மல் கேட்டது உண்மை. வசூலும் ஒரு பில்லியன் டாலரைத் தாண்டியது. இருந்தும், செத்துப்போன வில்லன் மறுபடி வந்ததும், நாயகி ரேயின் பிறப்பு பற்றி முந்திய படம் சொன்னது மாற்றப்பட்டதும் ரசிகர்களை இரண்டாகப் பிரித்தன. எல்லாரையும் திருப்திப்படுத்த எடுத்த படம் பலரைத் திருப்திப்படுத்தவில்லை.

அப்படியென்றால் ஒரு கடைசிப் படத்துக்குத் தீர்ப்பு எழுதுவது யார்? காலம்தான். 2005இல் ஏழு வயதுப் பிள்ளையாகப் பார்த்தவருக்கு 2025இல் 27 வயது. மற்றவர்கள் குறை சொன்ன முன்கதைப் படங்கள்தாம் அவருக்குப் பால்ய கால நினைவு. 20ஆம் ஆண்டு நிறைவாக 2025 ஏப்ரலில் ‘ரிவெஞ்ச் ஆஃப் தி சித்’ மறுபடி திரைக்கு வந்தபோது, அமெரிக்காவில் முதல் வார இறுதியிலேயே சுமார் 25 மில்லியன் டாலர் வசூலித்தது.

அகமது பெஸ்ட்டும் திரும்பி வந்தார். 2005 படத்தில் ஜெடாய் கோயில் தாக்கப்படும் ஓர் இரவு வரும். சின்னஞ்சிறு மாணவர்களைக்கூட அனகின் விட்டுவைக்காத இரவு அது. 2023இல் ‘தி மாண்டலோரியன்’ தொடரில் அதே இரவு மறுபடி காட்டப்பட்டது. அங்கே ஒரு குழந்தையைக் காப்பாற்றித் தூக்கிச் செல்லும் ஜெடாய் வீரராக வந்தவர் அகமது பெஸ்ட். ரசிகர்கள் மனம் நிறைந்து வரவேற்றார்கள். மகிழ்ச்சிதான். ஆனால், அந்த வரவேற்புக்கு அவர் 24 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்ததே!

ஆகவே, பெற்றோர்களே, வீட்டில் ஒரு பிள்ளை படம் முடிந்து முகம் வாடி வந்தால், “இதற்கா அழுகிறாய்?” என்று கேட்காதீர்கள். “எந்தக் காட்சி உன்னை அழவைத்தது?” என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் மனத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவரும்.

இளையர்களே, படம் பிடிக்கவில்லையா? தாராளமாகச் சொல்லுங்கள். வசனம் சரியில்லை, கதை ஓட்டை என்று காரணத்தோடு விவாதியுங்கள். காசு கொடுத்துப் பார்த்தவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால், நடித்தவரின் பெயரைத் தேடிப்போய் ஏசும் உரிமையை எந்த நுழைவுச்சீட்டும் தருவதில்லை. படத்தின் மேல் வந்த கோபம் இரண்டு நாளில் ஆறிவிடும். ஒரு மனிதரின் மேல் எறிந்த சொல் அப்படி ஆறுவதில்லை.