வரலாற்றிற் கலாநிதிப் பட்டம்: விண்ணப்பிக்குமுன் எண்ணவேண்டியவை
(எமது சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மருத்துவராவதற்கும் பொறியியலாளராவதற்கும் வழி சொல்லுவோர் எம்மூரில் ஒழுங்கைக்கு ஒருவர் உளர். வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் படித்துத் தேறிய பிள்ளை, "இனிக் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கலாமா? எங்கே, எப்படி விண்ணப்பிப்பது?" என்று கேட்டால், "ஆசிரியர் நியமனம் வரும், பொறுத்திரு" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. ஆசிரியத் தொழிலை நாம் குறைத்துப் பேச வரவில்லை. வரலாறு கற்பிக்கும் நல்லாசிரியர் எந்த ஊருக்கும் செல்வமே. ஆயினும் கேட்ட கேள்விக்கு விடை சொல்லுவது பெரியவர் கடன். ஆதலின் எமக்குத் தந்த நேரத்தை இந்த ஒரு விடயத்துக்கே செலவிடுகின்றோம்.

கலாநிதிப் பட்டம் என்பது கலைமாணிப் பட்டத்தின் நீட்சியன்று. பிறர் எழுதியதை நன்றாகப் படித்து ஒழுங்காக எடுத்துரைத்தாற் கலைமாணிப் பரீட்சையிற் சிறப்பாகத் தேறலாம். கலாநிதிப் பட்டத்துக்கோ, முன்பு எவரும் சொல்லாத ஒன்றை மூலச் சான்றுகளைக் கொண்டு நிறுவவேண்டும். ஆகவே விண்ணப்பப் படிவத்தை நிரப்புவது கடைசிக் காரியம். முதற் காரியம், "நான் அறிய விரும்புவது என்ன?" என்று தன்னைத்தானே கேட்பதாகும். வினா இல்லாதவனுக்குப் பல்கலைக்கழகம் இடங்கொடுத்தாலும், இரண்டாம் ஆண்டு முடியுமுன்னே அவன் களைத்துவிடுவான்.

"யாழ்ப்பாண வரலாற்றை ஆராயப் போகின்றேன்" என்று எழுதுபவரின் விண்ணப்பம் எடுபடுவது அரிது. அது விருப்பம், வினாவாகாது. "யாழ்ப்பாணத்துப் புகையிலையைத் திருவிதாங்கூர் நெடுங்காலம் வாங்கி வந்தது. அந்த வாணிகம் 1795இல் ஆங்கிலேயர் வந்தபின் எவ்வாறு மாறியது? அந்த மாற்றத்தால் தோட்டஞ் செய்தவன் கடன்பட்டானா, காணி வாங்கினானா?" என்று கேட்டால், அது வினா. அதற்குக் காலமும் இடமும் உண்டு. சான்று தேடும் வழியும் உண்டு. "உன் எண்ணம் தவறு" என்று சான்று மறுத்துரைக்கவும் இடமுண்டு. மறுக்க இடமில்லாத முடிவோடு தொடங்குபவர் வழக்கறிஞராகலாம், ஆராய்ச்சியாளராதல் கடினம்.

வினா பிறந்தபின் சான்று எங்கே என்று பார்க்கவேண்டும். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்த இழப்பை எவராலும் ஈடுசெய்ய முடியாது. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே கையைக் கட்டியிருப்பதும் தகாது. எம்மவரின் காணி, வரி, வாணிகம், வழக்கு ஆகியவற்றைப் பற்றி எழுதப்பட்ட ஏடுகள் பல இடங்களில் இன்னும் உள்ளன. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ஆவணங்களும், ஆங்கிலேய அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளும் இருக்கின்றன. இலண்டன் கியூவிலுள்ள ஆவணக் காப்பகத்தில், இலங்கைத் தேசாதிபதிகள் குடியேற்றநாட்டு அமைச்சுக்கு எழுதிய கடிதங்கள் தனி வரிசையாகவே வைக்கப்பட்டுள்ளன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. ஹேக் நகரில் உள்ளவற்றிற் பெரும்பகுதியை இன்று வீட்டிலிருந்தபடியே இணையத்திற் படமாகப் பார்க்கலாம். முன்னோர் கப்பலேறிப் பார்த்ததை நீங்கள் பாயில் இருந்து பார்க்கும் காலம் இது.

பார்க்கலாம், வாசிக்க முடியுமா? இங்கேதான் பலர் இடறுகின்றனர். 1619இலிருந்து 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர் போர்த்துக்கேயர். 1658இலிருந்து 1795 வரை ஒல்லாந்தர். இந்த 176 ஆண்டுகளின் ஆட்சி ஏடுகள் பெரும்பாலும் அவ்விரு மொழிகளிலேயே உள்ளன. அவற்றை வாசிக்கத் தெரிந்தவரே அக்காலத்து வரலாற்றை எழுதுவர். யாழ்ப்பாணத்திற் போர்த்துக்கேயர் ஆட்சி பற்றி 1986இல் வெளிவந்த நூலை எழுதியவர் திக்கிரி அபேசிங்க என்னும் சிங்கள அறிஞர். போர்த்துக்கேய மொழியைக் கற்று, மூல ஏடுகளை வாசித்து எழுதினார். அவருக்கு நாம் நன்றியுடையோம். அந்த உழைப்பை எம்மவரும் செய்யலாமே என்பதுதான் எமது ஆசை. எம்மவரிற் செய்தவர் இல்லாமலுமில்லை. பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் ஒல்லாந்த மொழி ஏடுகளை ஆராய்ந்து இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1658 முதல் 1687 வரை இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சி பற்றிய அவரது நூல் 1958இல் வெளிவந்தது. மலாயாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பேராசிரியராக விளங்கிய அப்பெரியாரின் புகழுக்கு அடிப்படை, இளமையில் அவர் பட்ட அந்தப் பிரயாசையே.

ஆகவே, இளைஞர்களே, விண்ணப்பிக்க இரண்டாண்டுகளுக்கு முன்னரே மொழி கற்கத் தொடங்குங்கள். பிற்காலத்தை ஆராய்பவருக்கு ஆங்கிலமும் தமிழும் போதுமென்று எண்ணவேண்டாம். சிங்களம் வாசிக்கத் தெரியாமல் இந்நாட்டின் இருபதாம் நூற்றாண்டை எழுதுதல் ஒற்றைக் காலால் நடப்பது போன்றது. சாசனங்களை ஆராய விரும்புவோர் வட்டெழுத்தையும் கிரந்தத்தையும் வடமொழியையும் விட்டுவிட முடியாது.

அடுத்தது, எங்கே விண்ணப்பிப்பது? எமது நாட்டிலேயே பேராதனை, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களில் முதுதத்துவமாணி, கலாநிதிப் பட்டங்களுக்குப் பதியலாம். சான்றுகளுக்கு அருகே இருப்பதும், குடும்பத்தைப் பிரியாதிருப்பதும் பெரிய நன்மைகள். உத்தியோகத்தோடு படிப்பவருக்கு இதுவே பெரும்பாலும் ஏற்ற வழி.

இங்கிலாந்து செல்லுவோர், முதுகலைமாணிப் பட்டம் முடித்தபின், ஆராய்ச்சித் திட்டம் ஒன்றை எழுதி அனுப்பவேண்டும். வினா, இதுவரை பிறர் சொன்னவை, பயன்படுத்தும் ஆவணங்கள், ஆண்டு வாரியான வேலை ஒழுங்கு ஆகியவை அதில் இருக்கவேண்டும். மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் நூலளவான ஆய்வேடு எழுதி, நேர்முகப் பரீட்சையில் அதை நிலைநிறுத்தவேண்டும். தனி வகுப்புகள் குறைவு. வழிகாட்டும் பேராசிரியரே எல்லாம். எனவே விண்ணப்பிக்குமுன் அவருக்குச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் எழுதி, அவரது நூலொன்றையாவது வாசித்தபின் உங்கள் வினாவைச் சொல்லி, மாணவரை ஏற்பாரா என்று கேட்பது முறை. வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் மிக அதிகம். 1959இல் வகுக்கப்பட்ட பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம் முதலிய உதவிகள் உண்டு. அவற்றின் விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் ஆண்டுதோறும் புதிதாகப் பார்க்கவேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் முறை வேறு. அங்கே கலைமாணிப் பட்டத்தோடும் விண்ணப்பிக்க இடந்தரும் பல்கலைக்கழகங்கள் பல. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வகுப்பும் வாசிப்பும், பின்னர் பெரும் பரீட்சை, அதன்பின்னரே ஆய்வேடு. ஐந்தாண்டு என்று சொன்னாலும் ஏழெட்டு ஆண்டுகள் ஆவது வழக்கம். பெரிய பல்கலைக்கழகங்கள் கட்டணத்தை நீக்கி, வாழ்க்கைச் செலவுக்கும் பணந்தந்து, அதற்கு ஈடாகச் சில காலம் கற்பித்தல் வேலையும் வாங்கும். விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசெம்பர் மாதத்திலே முடிவடையும். விடை பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும். பணவுதவியோடு இடங் கிடைத்தவர் ஏப்பிரல் 15ஆந் திகதிக்குள் பதில் சொல்லுவது பெரும்பாலான இடங்களில் உள்ள ஒழுங்கு. விண்ணப்பக் கட்டணம் எமது நாணயத்திற் பெருந்தொகையாகும். கட்ட வசதியில்லாதவர் விலக்குக் கேட்கலாம்; பல இடங்களிற் கொடுக்கின்றார்கள். கேட்பதில் வெட்கமில்லை.

அங்கே அனுப்பவேண்டியவை முக்கியமாக மூன்று. முதலாவது, நோக்கத்தை விளக்கும் இரண்டு பக்கக் கடிதம். "சிறுவயது முதலே எனக்கு வரலாற்றில் ஆர்வம்" என்று தொடங்கும் கடிதங்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன. உங்கள் வினாவோடு தொடங்குங்கள். அந்தத் துறையில் யாரிடம், ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று முடியுங்கள். இரண்டாவது, இருபது பக்கமளவில் நீங்கள் எழுதிய ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை. மதிப்பெண்ணைவிட இதற்குக் கனம் அதிகம்; மூல ஆவணத்தைக் கையாளத் தெரியுமா என்பதை இது காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது, பொதுவாக மூன்று சிபாரிசுக் கடிதங்கள். இங்கே எம்மவர் பெரிய பதவியிலுள்ளவரைத் தேடிப் போவது வழக்கம். உங்கள் பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதும் உயர் பதவியாளரின் நான்கு வரியைவிட, உங்கள் கட்டுரையைத் திருத்தித் தந்த இளைய விரிவுரையாளர் எழுதும் ஒன்றரைப் பக்கம் மேலானது. அவரிடம் இரண்டு மாதம் முன்னரே சென்று, கடிதத்தையும் கட்டுரையையும் கையிற் கொடுத்துக் கேளுங்கள்.

இனி, மறைக்காமற் சொல்லவேண்டிய ஒன்று. இங்கே பெற்றோரும் இருக்கின்றீர்கள். கலாநிதிப் பட்டம் பெற்றவர்க்கெல்லாம் பேராசிரியர் பதவி காத்திருக்கவில்லை. 2008ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் வரலாற்றுத் துறை நிரந்தரப் பதவிகள் பட்டதாரிகளின் தொகைக்கு மிகக் குறைந்துவிட்டன. 2025இல் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் சில, கலைத்துறைகளிற் புதிய ஆராய்ச்சி மாணவரைச் சேர்ப்பதைச் சுருக்கின. சில துறைகள் ஓராண்டு நிறுத்தியே வைத்தன. ஆகவே காணியை ஈடுவைத்து, நகையை விற்று, கடன்பட்டு இந்தப் பட்டத்துக்குப் பிள்ளையை அனுப்பவேண்டாமென்று நாம் பணிவோடு கேட்டுக்கொள்கின்றோம். பணவுதவியோடு இடங் கிடைத்தாற் போகட்டும். கிடைக்காவிட்டால் மறு ஆண்டு முயலட்டும், அல்லது இங்கேயே பதியட்டும். இருபத்தைந்து வயதிலிருந்து முப்பத்திரண்டு வரை வீட்டுக்குக் காசு அனுப்ப முடியாத பிள்ளையை, "இன்னும் படிக்கிறாயா?" என்று கேளாதிருப்பதும் ஒரு கொடைதான். பெண்பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி இரட்டிப்பாக வருகின்றது. தங்கையரின் கலியாணப் பேச்சுக்காக ஆராய்ச்சியை இடையில் முறிக்காதீர்கள் என்பதையும் இச்சபையிலே சொல்லிவைக்கின்றோம்.

"இவ்வளவு கஷ்டப்பட்டு எதற்கு?" என்று கேட்கலாம். இதற்கு எம்மவர் ஒருவரின் ஆராய்ச்சி வாழ்வே விடை. கார்த்திகேசு இந்திரபாலா 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய ஆய்வேடு, இலங்கையிற் றிராவிடக் குடியேற்றங்களையும் யாழ்ப்பாண இராச்சியத்தின் தோற்றத்தையும் பற்றியது. பின்னர் அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியரானார். 1980இல் ஆனைக்கோட்டையில் நடந்த அகழ்வில் அவரும் பங்குகொண்டார். அதுபோன்ற இடங்களிற் பெருங்கற்காலச் சான்றுகள் வெளிப்பட்டன. 2005இல் வெளிவந்த இலங்கைத் தமிழர் பற்றிய பெருநூலில், தம் பழைய முடிவுகளிற் பலவற்றை அப்பேராசிரியரே மாற்றியமைத்தார். நாற்பதாண்டுக்குப் பின் சான்றுக்குத் தலைவணங்கித் தன் சொல்லையே திருத்தும் துணிவு எங்கிருந்து வந்தது? வரலாற்றுப் பயிற்சியிலிருந்து வந்தது. எமது நாட்டிலே, "நாமே முன்னர் வந்தோம்" என்று ஒவ்வொரு பக்கத்திலும் உரத்த குரல் கேட்கின்றது. அந்தக் கூச்சலுக்கு இன்னொரு கூச்சலை விடையாகக் கொடுப்பது எளிது. ஏட்டை விரித்து, "இது இவ்வளவுதான் சொல்லுகின்றது, இதற்குமேற் சொல்லவில்லை" என்று இரு பக்கத்தாரிடமும் சொல்லவல்லவர் மிகச் சிலரே. அச்சிலர் பலராகவேண்டும். அதற்காகவே இந்தக் கஷ்டம்.

ஊரவரும் செய்யத்தக்க வேலை உண்டு. உங்கள் வீட்டுப் பெட்டகத்திலும் பரணிலும் காணி உறுதிகள், கணக்குக் கொப்பிகள், ஏட்டுச் சுவடிகள், பழைய கடிதங்கள் கிடக்கலாம். வீடு புதுக்கும்போது அவற்றை எரிக்காதீர்கள்; கறையானுக்கும் கொடுக்காதீர்கள். நல்ல வெளிச்சத்திற் படமெடுத்து, யாருடையது, எந்த ஊர் என்று எழுதி, பல்கலைக்கழக நூலகத்தாரிடம் காட்டுங்கள். இச்சங்கத்து இளைஞர் மாதம் ஒரு மாலை கூடி, ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்துக் குறை சொல்லும் வழக்கத்தைத் தொடங்கினால், மேலே சொன்ன இருபது பக்கக் கட்டுரை இந்த மண்டபத்திலேயே உருவாகிவிடும்.

இளைஞர்களே, இன்றிரவு வீடு சென்று விண்ணப்பப் படிவத்தைத் தேடவேண்டாம். ஒரு தாளை எடுத்து, விடை தெரியாத, ஆனால் தெரிந்தே ஆகவேண்டுமென்று மனம் தவிக்கின்ற ஒரு வினாவை எழுதுங்கள். அதன் கீழே, அதற்கு எந்த ஏடு சான்றாகும், அது எந்த மொழியில் இருக்கின்றது என்று எழுதுங்கள். மூன்றையும் எழுத முடிந்தவர் நாளைக்கே எம்மிடம் வரலாம். படிவத்தை நாமும் கூடவிருந்து நிரப்புவோம். எழுத முடியாதவர் சோரவேண்டாம், நூலகம் திறந்திருக்கின்றது.