கல்லறையில் இருந்தது யாருடைய உடல்?

மெய்யியலும் இறையியலும் ஒரே மேடையில் பேசப்பட வேண்டும் என்று விரும்பிய பெரியவரின் பெயரால் அமைந்த சொற்பொழிவு இது. அவர் நினைவைப் போற்றி, நேரே பொருளுக்கு வருகிறேன்.

என் துறை நண்பர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு ஒன்று உண்டு. அவர்களில் பலர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். கிறித்தவ மெய்யியல் என்றாலே உடல் வேறு, ஆன்மா வேறு என்னும் இருமைவாதம்தான். அது பிளேட்டோவில் பிறந்து, அகஸ்டீனிடம் வளர்ந்து, டெக்கார்ட்டிடம் முற்றியது. மூளையியல் வளர வளர அதன் காலம் முடிகிறது. இப்படித்தான் அவர்கள் கற்பிக்கிறார்கள். டெக்கார்ட் வீழ்ந்தால் கிறித்தவமும் வீழ்ந்தது என்று பொருள்முதல்வாதிகள் மகிழ்கிறார்கள்; அதற்கு அஞ்சியே டெக்கார்ட்டைத் தாங்கிப்பிடிக்கிறார்கள் நம்மவர்கள். இரு தரப்பும் தவறான வரலாற்றின் மேல் நின்று சண்டையிடுகின்றன என்பது என் வாதம். கிறித்தவ மெய்யியலின் அடிவயிற்றைக் கலக்கிய கேள்வி பிணத்தைப் பற்றியது. அதற்கு ஒரு சான்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் திறந்த விவாதம் நடத்தும் வழக்கம் இருந்தது. அதில் யாரும் எழுந்து எதையும் கேட்கலாம். ஆசிரியர் பதில் சொல்லியாக வேண்டும். தாமஸ் அக்குவினாஸ் இரண்டாம் முறை பாரிஸில் கற்பித்த 1268–1272 காலத்தில் அவர்முன் வந்த கேள்விகளில் ஒன்று: கிறிஸ்து இறந்த பின் அவருடைய கண் உண்மையில் கண்தானா, பெயரளவில்தான் கண்ணா?

கேட்டவர் வீண் வம்புக்குக் கேட்கவில்லை. ஒரு பொருளை அதுவாக ஆக்குவதே வடிவம்; மனிதனுக்கு வடிவம் ஒன்றே, அது ஆன்மாவே என்பது தாமஸின் கோட்பாடு. உடலை உடலாக்குவதும், உயிருள்ளதாக்குவதும், மனிதனாக்குவதும் அந்த ஒன்றுதான். கப்பலில் மாலுமி இருப்பதுபோல் ஆன்மா உடலில் இருக்கிறது என்ற பிளேட்டோவின் கருத்தை அவர் பெயர் சொல்லியே மறுத்தார். அப்படியானால் ஆன்மா பிரிந்ததும் எஞ்சுவது மனித உடலே அல்ல. ஓவியத்தில் வரைந்த கண்ணைக் கண் என்பதுபோல, பழைய பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சரி, கிறிஸ்து அடக்கம் செய்யப்பட்டார் என்று விசுவாச அறிக்கை சொல்கிறதே, அந்த மூன்று நாள் கல்லறையில் கிடந்தது யார்? புனிதர்களின் எலும்புகள் அவர்களுடைய உடல் அல்ல என்றால், அவற்றின் முன் ஏன் மண்டியிடுகிறோம்?

தாமஸ் நழுவவில்லை. கிறிஸ்துவின் ஆன்மா உடலை விட்டுப் பிரிந்தாலும், இறை ஆள் அந்த உடலை விட்டுப் பிரியவில்லை. ஆகவே அது அதே உடல் என்றார். மற்றப் புனிதர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது என்பதை அவர் மறைக்கவும் இல்லை. வடிவம் மாறியதால் புனிதரின் சடலம் அவர் வாழ்ந்தபோதிருந்த அதே உடல் அல்ல, பருப்பொருள் அதுவே, உயிர்த்தெழும்போது அது மீண்டும் தன் ஆன்மாவோடு சேரும், அதற்காகவே வணக்கம். 1274 மார்ச் 7இல் ஃபொசனோவா மடத்தில் அவர் இறந்தார். அவருடைய சடலமே திருப்பண்டமாகி, 1369இல் துலூஸ் வந்து சேர்ந்தது. தம் எலும்புகளைப் பற்றிய கேள்விக்கும் அவர் முன்கூட்டியே பதில் எழுதிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

எதிர்த்தவர்கள் சாமானியர்கள் அல்லர். 1277 மார்ச் 18இல் காண்டர்பரி பேராயர் ராபர்ட் கில்வார்ட்பி ஆக்ஸ்ஃபோர்டில் 30 கருத்துகளைத் தடைசெய்தார். ஒற்றை வடிவக் கோட்பாட்டைத் தொடுபவையும் அவற்றில் இருந்தன. அவர் தாமஸின் சொந்தச் சபையான தொமினிக்கன் சபையைச் சேர்ந்தவர்! அவருக்குப் பின் வந்த பிரான்சிஸ்கன் சபைப் பேராயர் ஜான் பெக்கம் 1286இல், அக்கோட்பாட்டைக் காக்க முன்வந்த ரிச்சர்ட் நாப்வெல்லைக் கண்டித்தார். நாப்வெல் ரோமுக்கு முறையிடப் போனார். அங்கும் வாய்ப்பூட்டுத்தான் கிடைத்தது. பெக்கம் தரப்பின் வாதத்தை நான் மதிக்கிறேன். உடலுக்கென்று தனி வடிவம் உண்டு, ஆன்மா போனாலும் அது நிற்கும், எனவே பிணம் அதே உடல் என்றார்கள் அவர்கள். இருதரப்பும் எதைக் காக்கப் போராடின என்று பாருங்கள். உடலைத்தான்! உடலை ஆன்மாவின் சட்டையாக நினைத்த ஒரு மரபு, சட்டைக்காகப் பேராயர்களைக் களத்தில் இறக்குமா?

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 15ஆம் அதிகாரத்துக்கு உரை எழுதும்போது தாமஸ் இன்னும் ஒருபடி போகிறார்: ஆன்மா மட்டும் மீட்படைந்தால் அந்த மனிதன் மீட்படைந்ததாகாது. என் நண்பர்கள் இந்த உரைப்பகுதியை வகுப்பில் வைத்த பிறகு, இது டெக்கார்ட்டின் தாத்தா என்று சொல்லட்டும், பார்க்கலாம்.

இந்த வழக்கில் திருச்சபையின் தீர்ப்பும் வந்தது: 1312இல் வியன் பொதுச்சங்கம் ஆன்மாவே தன்னியல்பால் உடலின் வடிவம் என்று அறுதியிட்டது. வடிவம் ஒன்றா பலவா என்பதை அது தீர்க்கவில்லை.

தாமஸிடம் ஒரு முடிச்சு அவிழாமல் இருப்பது உண்மை. பிரிந்த ஆன்மா உயிர்த்தெழுதல்வரை தனித்து நிலைக்கும் என்கிறார். அந்த இடைக்காலத்தில் 'நான்' இருக்கிறேனா? இருக்கிறேன் என்போரும் இல்லை என்போரும் இன்றும் தாமஸியரிடையே மோதுகிறார்கள். உரையைக் கண்ணியமாக வாசித்தால் இல்லை என்பதே சரி என்பது என் முடிவு.

டெக்கார்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடலற்ற ஆன்மா உடலை எப்படி அசைக்கும் என்று 1643இல் பொஹீமியாவின் இளவரசி எலிசபெத் அவரிடம் கேட்டார். நிறைவான பதில் வரவில்லை.

மனிதன் முழுதும் உடலே என்று கொள்ளும் இக்காலக் கிறித்தவப் பொருள்முதல்வாதிகளும் அதே கல்லறைக்குத்தான் வந்து சேர்கிறார்கள். சாகும் தறுவாயில் உண்மையான உடலைக் கடவுள் எடுத்துக்கொண்டு, நாம் புதைக்க ஒரு போலியை விட்டுச்செல்லக்கூடும் என்று பீட்டர் வான் இன்வாகன் 1978இல் எழுதினார். உயிர்த்தெழுதல் சாத்தியமே என்று காட்டவே அப்படி எழுதினார். ஆனாலும் பெக்கமுக்கு இது பொறுத்திருக்காது.

நேரம் போதவில்லை. செய்ய வேண்டியவை சில. ஆன்மாவே ஒருவகை உடல்தான் என்ற தெர்த்துல்லியனைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும். இந்தியாவின் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை ஏற்கிறது. வடிவம் எப்போது நீங்குகிறது என்ற பழைய விவாதத்தோடு மருத்துவ அறவியலார் அதை வைத்துப் பேச வேண்டும். 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி ஆன்மாவைப் பற்றித் தமிழிலேயே 'ஆத்தும நிர்ணயம்' எழுதினார். வடிவக் கோட்பாடு அந்தத் தமிழில் எவ்வளவு தங்கியது, எங்கே நெகிழ்ந்தது என்பதை வரிக்கு வரி ஆராய வேண்டும். இலத்தீனும் பதினேழாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையும் தெரிந்த ஒருவரே அதைச் செய்ய முடியும். முன்வரும் மாணவருக்கு என் குறிப்பேடுகளைத் தருகிறேன்.