பிரசங்க பீடத்துக்கு அப்பாலும் அழைப்பு உண்டு



பி.டி. என்னும் இறையியல் பட்டம் முடித்த ஒருவர் சேகரப் பொறுப்பு ஏற்காமல் மருத்துவமனையிலோ பள்ளியிலோ தொண்டு நிறுவனத்திலோ சேர்ந்துவிட்டால், "ஊழியத்தை விட்டுவிட்டார்" என்று நம் சபைகளில் பேசுகிறோம். பெற்றோர் தலைகுனிகிறார்கள், பரிந்துரைத்து அனுப்பிய திருமண்டலம் முகம் திருப்பிக்கொள்கிறது. இந்தப் பேச்சை, இறையியல் கல்லூரிகள் கூடியிருக்கும் இந்த அரங்கிலாவது நிறுத்த வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இறையியல் பயின்று வேறு பணிகளுக்குப் போனவர்கள் முன்பும் உண்டு. ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் திருச்சபைக்கு ஆயர்களை உருவாக்கவென்றே 1536-இல் ஓர் இறையியல் உறைவிடம் தொடங்கப்பட்டது. அங்கே இறையியல் பயின்ற வானியலாளர் கெப்ளர், படிப்பு முடியும் முன்பே 1594-இல் கிராட்ஸ் நகருக்குக் கணித ஆசிரியராக அனுப்பப்பட்டார். முதலில் வருந்தியவர், வானியல் வழியாகவும் கடவுளுக்கு மகிமை சேர்கிறது என்று அடுத்த ஆண்டே தம் ஆசிரியருக்கு எழுதினார். தத்துவ அறிஞர் ஹெகலும் கவிஞர் ஹோல்டர்லினும் அங்கே பயின்றவர்கள்தாம். இருவருமே ஆயர் ஆகவில்லை. அங்கிருந்து நம் பக்கம் வந்தவர் ஹெர்மன் குண்டர்ட். மிஷனரியாக வந்த அவர், 1857-இல் மலபார், கன்னடப் பகுதிப் பள்ளிகளின் அரசு ஆய்வாளரானார். அவருடைய மலையாள அகராதி 1872-இல் வெளிவந்தது. அவர் ஊழியத்தை விட்டுவிட்டார் என்று யார் சொல்வோம்?

என் மனதுக்கு மிக நெருக்கமானவர் அமெரிக்கரான ஆன்டன் பாய்சன். ஆயராகப் பணியாற்றிய அவர் 1920-இல் கடும் மனநோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். குணமானபின், தம்மைப் போலத் துன்புற்றவர்களிடமே திரும்பிப் போனார். 1924-இல் ஊஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் ஆன்மிகத் துணைவராகச் சேர்ந்து, அடுத்த கோடையில் இறையியல் மாணவர் சிலரை அங்கேயே அழைத்துப் பயிற்சி தந்தார். வேதப் பகுதியை எவ்வளவு கவனமாகப் படிக்கிறோமோ அவ்வளவு கவனமாக நோயாளியின் வாழ்க்கையையும் படிக்க வேண்டும் என்பது அவர் போதனை. மருத்துவமனை ஆயர்களுக்கான இன்றைய பயிற்சிமுறை அந்த வார்டுகளில்தான் வேர்விட்டது.

நம் மாணவர்களுக்கும் இந்தத் திறன் இருக்கிறது. சாவு வீட்டில் உட்காரத் தெரியும், அழுகிறவர் பேசும்வரை காத்திருக்கத் தெரியும். ஆனால் அது மட்டும் போதாது. நம் நாட்டில் மருத்துவ உளவியலராகப் பணிசெய்ய இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும், பி.டி. பட்டம் அதற்கு ஈடாகாது. இதை மாணவரிடம் முதல் ஆண்டிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. ஆற்றுப்படுத்தல், சமூகப்பணி, சட்டம் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்துப் படிக்க வழிசெய்து தர வேண்டியது கல்லூரியின் கடமை.

பட்டத்தின் மதிப்பு இன்னொரு தலைவலி. நம் பி.டி. பட்டத்தை வழங்கும் செராம்பூர் கல்லூரிக்கு டென்மார்க் மன்னர் 1827-இல் பட்டம் வழங்கும் உரிமை தந்தார். 1918-ஆம் ஆண்டின் செராம்பூர் கல்லூரிச் சட்டமும் அதற்குத் துணைநிற்கிறது. அப்படியிருந்தும் வேலை கேட்டுப் போகும் இடத்தில் நம் பிள்ளைகள் இந்தப் பட்டம் எதற்குச் சமம் என்று விளக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அந்தச் சுமையை இருபத்தைந்து வயதுப் பட்டதாரியின் தோளில் வைப்பது நியாயமல்ல. பல்கலைக்கழகங்களோடு பேச வேண்டியது நிறுவனங்கள்தாம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெண்களுக்கு அருட்பொழிவு தராத சபைகள் இன்றும் உள்ளன. அங்கிருந்து வந்து கிரேக்கமும் எபிரேயமும் கற்றுத் தேறும் ஒரு பெண்ணுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்? வேதாகம மொழிபெயர்ப்புக்கு அந்த மொழிகள் தெரிந்தவர்கள் தேவை. பதிப்பகங்களுக்குத் தேவை, சிறைச்சாலைப் பணிக்கும் ஆட்கள் தேவை. ஆனால் இவற்றைக் காட்டி அருட்பொழிவுக் கேள்வியைத் தள்ளிப்போடவும் கூடாது. இரண்டையும் சேர்த்தே பேசுவோம்.

முதல் அமர்வில் கட்டுரை வாசிப்போருக்கு ஒன்று சொல்வேன். உங்கள் கல்லூரியின் பழைய மாணவர்களில் சபைக்கு வெளியே இருப்பவர்கள் எங்கே, என்ன ஊதியத்தில், யார் துணையோடு வேலை செய்கிறார்கள் என்பதை மேடையில் வையுங்கள். மாலையில் நடக்கும் கலந்துரையாடலை அந்த விவரங்களிலிருந்தே தொடங்குவோம்.