பக்கத்தில் இருப்பவர் கையில் மருந்து



அபின் வகைப் பொருள்களான ஓபியாய்டுகளை முறிக்கும் நலாக்சோன் மருந்து பற்றிய கருத்தரங்கைச் சென்னையில் நடத்தாமல் செஞ்சிக்கு ஏன் கொண்டுவந்தீர்கள் என்று பலர் கேட்டார்கள். இங்குள்ள கோட்டைக் களஞ்சியங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை சூழ்ந்து நின்றும் செஞ்சி தாக்குப்பிடித்ததற்கு, நெல்லை மதிலுக்குள்ளேயே வைத்திருந்ததும் ஒரு காரணம். நலாக்சோனும் அப்படித்தான், தேவைப்படும் இடத்திலேயே இருக்க வேண்டும்.

ஓபியாய்டு அளவு மீறினால் மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடும். நின்ற நான்கைந்து நிமிடங்களில் மூளை பழுதாகத் தொடங்கும். செஞ்சியிலிருந்து முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்தாலும் முக்கால் மணி நேரம் ஆகும். அந்த நிமிடங்களில் அருகே இருப்பவர் தாயாகவோ, மனைவியாகவோ, கூட்டாளியாகவோதான் இருப்பார், மருத்துவர் இருக்கமாட்டார்.

நலாக்சோன் 1971-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. மூளையில் ஓபியாய்டு பற்றியிருக்கும் இடத்திலிருந்து அதை விலக்கி, இரண்டு மூன்று நிமிடங்களில் மூச்சைத் திரும்ப வரவழைக்கிறது. ஓபியாய்டு எடுக்காதவருக்குத் தவறிக் கொடுத்தாலும் பெரிய தீங்கில்லை. ஆனால் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் மருந்தின் வேகம் தணிந்துவிடும். மீண்டும் மூச்சு அடங்கலாம். ஆகவே கண் விழித்தவரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத்தான் வேண்டும்.

சிகாகோவில் 1996-லிருந்து ஓபியாய்டு எடுப்பவர் கையிலேயே நலாக்சோனைக் கொடுத்துவருகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2014-இல் பொதுமக்களுக்கும் வழங்கலாம் என்று வழிகாட்டியது. அமெரிக்காவில் 2023 முதல் மூக்கில் அடிக்கும் மருந்தாகச் சீட்டில்லாமல் கடையில் கிடைக்கிறது. நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இது உண்டு. ஆனால் ஊசி மருந்தாக, மருத்துவமனை அலமாரியில்.

ஓபியாய்டு பழக்கம் மணிப்பூர், நாகாலாந்துக் கதை என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2019-இல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் ஓபியாய்டு எடுப்போர் சுமார் 2.26 கோடி என்றது. வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிய செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களுக்குப் புதிதல்ல.

மருந்து கையில் இருந்தால் துணிந்து அதிகம் எடுப்பார்கள் என்ற வாதம் இன்றும் எழும். அப்படிச் சொல்பவர் நலாக்சோன் போட்டு எழுந்த ஒருவரைப் பார்த்திருக்கமாட்டார். வாந்தி, நடுக்கம், உடம்பெல்லாம் வலி. அதை யாரும் விரும்பி வரவழைத்துக்கொள்வதில்லை.

உண்மையான தடை அச்சம். 2023 மே மாதம் நம் மாவட்டத்து மரக்காணத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் விஷச்சாராயம் உயிர்களைக் குடித்தது. கருணாபுரம் சம்பவத்தில் மட்டும் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அது மெத்தனால், அதற்கு நலாக்சோன் பயன்படாது. ஆனால் குடித்ததை வெளியே சொல்லத் தயங்கி வீட்டுக்குள்ளேயே கிடந்தவர்களைத் தேடித் தேடி அழைத்துவர வேண்டியிருந்ததே, அந்தத் தயக்கம் இரண்டுக்கும் பொது. மருந்தை வாசலில் கொண்டுபோய் வைத்தாலும், போலீஸ் வரும் என்று நினைப்பவர் கதவைத் திறக்கமாட்டார்.

சாலை விபத்தில் உதவுபவரைக் காக்க 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்தோம். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாகச் சிகிச்சைக்கு வரும் அடிமைப்பட்டவருக்கு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. சுருண்டு விழுந்த நண்பனுக்காக 108-ஐ அழைக்கும் கூட்டாளி இந்த இரண்டு பிரிவுகளுக்குள்ளும் வரவில்லை. அவனும் போதையில்தான் இருப்பான். வேறு யார் அங்கே இருக்கப்போகிறார்கள்?

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் இரத்த அழுத்த மாத்திரை வீடு தேடிச் செல்கிறது. அந்தத் தன்னார்வலரின் பையில் நலாக்சோனும் இருக்கலாமா, அல்லது மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பியவர்களிடமே கொடுப்பது மேலா? எனக்குப் பின்னதில்தான் நம்பிக்கை. மறுத்துப் பேசுவோர் முதல் அமர்விலேயே பேசுங்கள். சட்ட அமர்வினர், அழைத்தவனைக் காக்கும் பிரிவுக்கு ஒரு வரைவு வாசகத்தை மாலைக்குள் எழுதித் தர வேண்டும். அதை அரசுக்கு அனுப்பும் பொறுப்பை நான் ஏற்கிறேன். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.