கரை காப்போம், குடிசை காப்போம்!

தாய்மார்களே, தோழர்களே!

டில்லியில் யமுனை 1978இல் 207.49 மீட்டர் உயர்ந்தது. 2023 ஜூலையில் 208.66 மீட்டர். தாழ்வான பகுதியில் வாழும் நமக்கு வெள்ளத் தடுப்புக் கரைதான் காவல்.

கரைமேல் மரம் நின்றால் நிழல்தானே என்கிறோம். பட்டுப்போன வேர் மண்ணுக்குள் பொந்தாகும். வெள்ளம் அதன் வழியே கசிந்து மண்ணை அரிக்கும். காற்றில் மரம் சாய்ந்தால் கரையும் பெயரும். புதர் மண்டினால் எலி வளையும் விரிசலும் கண்ணில் படாது. புல் இருக்கட்டும், அது மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

பருவமழைக்கு முன்பே புதரை வெட்டுவது அரசின் கடமை. வெட்டும் கைகள் நம்முடையவை, முழுக்கூலி கேட்போம். புதரை அகற்றும் சாக்கில் குடிசையை அகற்ற வந்தால், “மாற்று இடம் எங்கே?” என்று ஒரே குரலில் கேட்போம்!